தன்பாலின இணையருக்கும் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 'குடும்பம்' என்று வரையறுக்கப்பட்டவர்களின் பட்டியலில், ஊழியரோடு சேர்ந்து வாழ்க்கை நடத்தும் தன்பாலின இணையருக்கும் இடம் தர வேண்டும் என்று கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். மாவட்ட அலுவலகம் ஒன்றின் சம்பளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். சட்டம் படித்தவனல்லேன் என்றாலும், அரசாணையில் உள்ள ஒரு வரி மாதச் சம்பளக்காரர் ஒருவரின் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்பதைச் சம்பளப் பட்டியல் வழியாகவே பார்த்துப் பழகியவன்.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில், ஒவ்வொரு ஊழியரின் சம்பளத்திலிருந்தும் மாதம் 300 ரூபாய் சந்தாவாகப் பிடிக்க வேண்டும் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2016-இல் வந்த முந்தைய திட்டத்தில் இது 180 ரூபாயாக இருந்தது. நான்காண்டுக் காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், பட்டியலிடப்பட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. குடும்பம் என்றால் சட்டப்படியான கணவர் அல்லது மனைவி. வேலைக்குப் போகாத, மணமாகாத, 25 வயதை எட்டாத பிள்ளைகள். ஊழியர் மணமாகாதவர் என்றால் அவருடைய பெற்றோர். ஆள் கணக்கைப் பொறுத்துச் சந்தா கூடுவதோ குறைவதோ இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவருக்கும் 300 ரூபாய்தான். பெற்றோரை இழந்து, பதினைந்து ஆண்டுகளாக இன்னொரு பெண்ணோடு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வாழும் பெண் ஊழியருக்கும் அதே 300 ரூபாய்தான். முன்னவரின் சந்தா நான்கு பேரைக் காக்கிறது, பின்னவரின் சந்தா அவர் ஒருவரை மட்டுமே காக்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊரையும் துறையையும் விட்டுவிட்டு ஒன்றைச் சொல்கிறேன். நான் பணியிலிருந்த காலத்தில் உடன் பணியாற்றிய ஒருவரின் இணையருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. இணையர் சிறிய தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை. அங்கே காப்பீடு என்ற பேச்சே கிடையாது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையை வாங்கிப் பார்த்த பணியாளர், நோயாளியின் பெயர் அதில் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பணியாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் விதியைப் பார்த்தார். முன்பணத்தை ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். அதற்கடுத்த மாதங்களில் அவருடைய சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பிடித்த விவரத்தில்தான் போய் நிற்கும். மருத்துவக் காப்பீட்டுச் சந்தா ஒரு கட்டத்தில், மருத்துவத்துக்காக வாங்கிய கடனின் தவணை அதற்கு இரண்டு கட்டம் தள்ளி. ஒரே தாளில் இரண்டும் இருந்தன.

இதைப் பற்றிப் பேசும்போது, "அதுதான் உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டதே" என்று நண்பர்கள் முடித்துவிடுகிறார்கள். நீதிமன்றம் மறுத்தது எதை என்று பார்க்க வேண்டும். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டுத் தொடரப்பட்ட சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை ஆகாது என்று ஒருமித்தே கூறியது. தன்பாலினத்தாரின் குடிமை இணைவை (திருமணம் என்ற பெயரில்லாமல் சட்டம் ஏற்கும் இணைவாழ்வை) அங்கீகரிக்க அரசுக்குக் கடமை உண்டா என்பதில்தான் மூவர் ஒருபுறமும் இருவர் ஒருபுறமுமாகப் பிரிந்தனர். ஆனால் பணி சார்ந்த பலன்கள் என்ற இடத்துக்கு வரும்போது இரு தரப்பும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரவீந்திர பட், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் போன்றவற்றைத் திருமணத்தோடு மட்டும் கட்டிவைப்பதால் இவ்விணையர்கள் பாதிக்கப்படுவதை எடுத்துக்காட்டினார். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், இவ்விணையரின் உரிமைகள் பற்றி மத்திய அரசு அமைக்கவிருந்த குழு ஆராய வேண்டியவற்றைச் சொல்லும்போது பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றோடு காப்பீட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்து இவ்வுரிமைகளை ஆராய்வதாக மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் அளித்த உறுதிமொழியும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்தக் குழு 2024 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் சில அறிவுறுத்தல்கள் வெளியாயின. குடும்ப அட்டையில் இவ்விணையரை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை நியமனதாரராக வைக்கவும் தடையில்லை என்றும், இறந்தவருக்கு நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையரே உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அவை சொல்லின. ஒவ்வொன்றும் வரவேற்க வேண்டியதே. ஆயினும் ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு அவற்றை அடுக்கிப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை: ரேஷன் கடையில் ஒரே குடும்பம், வங்கியில் நியமனதாரர், பிணவறையில் உடலுக்கு உரியவர், இடையில், அதே ஆள் நோயாளியாகப் படுத்திருக்கும்போது மட்டும் அரசு ஊழியரின் காப்பீட்டு அட்டைக்கு அவர் யாரோ.

இதற்கு டெல்லியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் மாநில அரசுக்கு இல்லை. திருமணச் சட்டத்தை மாற்றுவது வேறு, மாநில அரசு தன் ஊழியருக்காகச் செய்துகொள்ளும் காப்பீட்டு ஒப்பந்தத்தில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது வேறு. பின்னது முழுக்க நிதித்துறையின் கையில் இருக்கிறது. 2012, 2016, 2021 என ஒவ்வொரு முறை திட்டம் புதுப்பிக்கப்பட்டபோதும் புதிய அரசாணை வந்தது, சந்தாவும் உச்சவரம்பும் மாறின. சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. ஒப்பந்தப் புள்ளி கோரும் ஆவணத்தில் ஓர் உட்பிரிவு போதும்.

குடும்பம் என்பது அரசாங்கக் காகிதத்தில் கல்வெட்டாக இருந்ததும் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டத்தில், ஊழியரைச் சார்ந்திருக்கும் விதவைச் சகோதரியும் கணவனால் கைவிடப்பட்ட சகோதரியும் எந்த வயதிலும் குடும்பத்தினரே. மைனரான தம்பியும் குடும்பமே. மணமான பெண் ஊழியர் தம் பெற்றோர், மாமனார் மாமியார் ஆகிய இரு தரப்பில் ஒரு தரப்பைத் தேர்ந்துகொள்ளலாம். சார்ந்திருப்பதற்கு வருமான வரம்பாக 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் என்று வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்த பட்டியல் அது. சண்டிகரில் அரசு மருத்துவ நிறுவனச் செவிலியர் ஒருவரின் மகப்பேறு விடுப்பு வழக்கில், 2022 ஆகஸ்ட் 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குடும்ப உறவு என்பது மணமாகாத துணைவர்களாகவோ தன்பாலின உறவாகவோ இருக்கலாம் என்றும், வழக்கமான வடிவில் இல்லை என்பதற்காக அக்குடும்பங்களுக்குச் சமூகநலச் சட்டங்களின் பலன் கிட்டாமல் போகக் கூடாது என்றும் கூறியிருக்கிறது. அரசு ஊழியர் ஒருவரின் விடுப்பு விதியைப் பற்றிய வழக்கில் சொல்லப்பட்டது என்பதால் எனக்கு இது சுப்ரியோ தீர்ப்பைவிடவும் நெருக்கமாகப் படுகிறது.

எதை வைத்து இணையர் என்று ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை சென்னை உயர் நீதிமன்றத்திலேயே உருவாகியிருக்கிறது. இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. இவர்களைக் குறிக்க வேண்டிய கண்ணியமான தமிழ்ச் சொற்களின் தொகுப்பை மாநில அரசே 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2023 நவம்பரில், இவ்விணையர்கள் குடும்ப இணைவு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை எழுதிப் பதிவுசெய்துகொள்ள அரசு வழிசெய்யலாம் என்று அவர் கருத்துத் தெரிவித்தார். 2025 மே மாதம் வேலூர் தொடர்பான ஆட்கொணர்வு வழக்கில், நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று சொல்லி, அந்தப் பத்திர யோசனையையும் ஆதரித்தது. ஆகவே பத்திரத்துக்கு வடிவம் கொடுத்து, காப்பீட்டுக்கு அதைச் சான்றாக ஏற்றுக்கொள்வது மட்டுமே மிச்சம்.

தமிழ்நாட்டுக்கு இப்படியொரு வேலை புதிதும் அன்று. சடங்கும் புரோகிதரும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டாமல் மாலை மாற்றிக்கொண்டு பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி அல்லர் என்றாயிற்று. 1967-இல் அண்ணா முதலமைச்சரான பின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அதன்பிறகு நடப்பவை மட்டுமின்றி, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாக்கப்பட்டன. வாழ்க்கை முன்னே நடந்தது, சட்டம் பின்னே வந்து கையெழுத்துப் போட்டது. அவ்வளவு பெரிய திருத்தத்தையா இப்போது கேட்கிறோம்? காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர்.

வெளிநாட்டு முன்மாதிரி வேண்டுவோர் ஹாங்காங்கைப் பார்க்கலாம். அங்கே தன்பாலினத் திருமணத்துக்கு உள்நாட்டில் அங்கீகாரம் இல்லை. நியூசிலாந்தில் 2014-இல் மணம் செய்துகொண்ட குடிவரவுத் துறை அதிகாரி ஒருவர், அரசு ஊழியர்களின் வாழ்க்கைத் துணைக்குத் தரப்படும் மருத்துவ, பல் சிகிச்சைப் பலன்களைத் தம் கணவருக்கும் கேட்டார். மரபான திருமணத்தைக் காப்பதற்காகவே மறுக்கிறோம் என்றது அரசு. 2019 ஜூன் 6 அன்று ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓர் ஊழியரின் துணைக்கு மருத்துவப் பலன் கொடுப்பதால் மற்றவர்களின் திருமணம் எப்படி வலுவிழக்கும், கொடுக்காமல் விட்டால் யார்தான் அதற்காக எதிர்பாலினத்தவரை மணக்கப் போகிறார் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்த அதிகாரியிடம் வெளிநாட்டுத் திருமணச் சான்றிதழ் இருந்தது, நம் ஊழியர்களிடம் இருக்காது என்பது வேறுபாடுதான். அதனால்தான் பத்திரம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்களுக்கு: டாடா ஸ்டீல் 2019-இலும் ஆக்சிஸ் வங்கி 2021-இலும் தம் ஊழியர்களின் தன்பாலின இணையரைப் பணிப்பலன்களில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்துவிட்டன. லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களுக்கு இது கட்டுப்படியாகிறது.

செலவு பற்றிய அச்சத்துக்குத் திட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. மணமாகாத ஊழியருக்குப் பெற்றோர் இருவரையும் திட்டம் ஏற்கெனவே ஏற்கிறது. மணமானதும் அவர்கள் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார்கள். இணையரைச் சேர்க்க விரும்பும் ஊழியருக்கும் இதையே ஒரு தெரிவாக வைக்கலாம்: பெற்றோர் அல்லது இணையர். அறுபது, எழுபது வயதில் இருக்கும் இருவருக்குப் பதிலாக நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சுமை குறையுமே தவிரக் கூடாது. பெற்றோரையும் கைவிட முடியாது, இணையரும் வேண்டும் என்பவர்களிடம் கூடுதல் சந்தா கேட்பதிலும் தவறில்லை. அவர்கள் இலவசம் கேட்கவில்லை.

பொய்யாகச் சேர்ப்பார்கள் என்பார்கள். இரண்டு நண்பர்கள் பத்திரம் எழுதிக்கொண்டு காப்பீட்டைப் பங்குபோட்டுக்கொள்ளலாம்தான். பதிவு செய்த பத்திரம், இருவருக்கும் வேறு மணத்துணை இல்லை என்ற உறுதிமொழி, குறைந்தது ஓராண்டாக ஒரே முகவரியில் இருப்பதற்குச் சான்று, ஒருமுறை சேர்த்தவரை நினைத்தபோது மாற்ற முடியாதபடி காலவரம்பு ஆகியவற்றை வைத்தால் அந்த ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அடங்காதவருக்கு, கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை இருக்கிறது. வேலைக்குப் போய்விட்ட மகன் பெயரை அட்டையிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கும் ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பிள்ளைகளையே திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதியதில்லை.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. அரசாணை வந்தாலும் எத்தனை பேர் துணிந்து விண்ணப்பிப்பார்கள்? சம்பளப் பிரிவுக்கு வரும் காகிதம் எதுவும் ரகசியமாக இருப்பதில்லை. ஒருவரின் மருத்துவச் சான்றிதழ் வந்தால் தேநீர் வேளைக்குள் மூன்று மேசைக்காரர்கள் அதைப் படித்துவிடுவார்கள். பணிப்பதிவேட்டில் இணையர் பெயரை ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்தால் மறுநாள் அலுவலகம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியருக்கோ காவல் நிலையத்தில் இருக்கும் காவலருக்கோ இதன் விலை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்த பின் இடமாறுதல் கேட்டு அலைவதைவிடக் கடன் வாங்கிச் சிகிச்சை பார்ப்பதே மேல் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

எனவே முறையை வகுக்கும்போதே இதற்கு வழி காண வேண்டும். முதலாவதாக, விண்ணப்பம் அலுவலக எழுத்தர், கண்காணிப்பாளர், பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்ற படிக்கட்டில் ஏறக் கூடாது. ஊழியர் தம் சொந்தக் கடவுச்சொல்லோடு நுழையும் களஞ்சியம் தளத்திலிருந்து நேராகக் கருவூலக் கணக்குத் துறை ஆணையரகத்தின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே பார்க்க உரிமையுள்ளவர்கள் யார் என்பது ஆணையிலேயே வரையறுக்கப்பட வேண்டும். சந்தா எல்லோருக்கும் ஒன்றே என்பதால் சம்பளப் பட்டியலில் எந்த மாற்றமும் தெரியப்போவதில்லை, இது நம் திட்டத்தின் அதிர்ஷ்டம். கூடுதல் சந்தா செலுத்த நேர்ந்தால் அதை ஊழியரே தனியாகச் செலுத்திக்கொள்ள விடலாம். அடுத்து, அட்டையில் 'தன்பாலின இணையர்' என்று அச்சடிக்கத் தேவையே இல்லை. 'பதிவு பெற்ற குடும்ப உறுப்பினர்' என்று ஒரு வகையை வைத்துவிட்டால், மருத்துவமனை முகப்பில் இருப்பவருக்கு அதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியதில்லை. மணமாகாமல் ஒரே வீட்டில் முதுமையை நோக்கிப் போகும் அக்காள் தங்கையும் அந்த வகைக்குள் வரலாம் என்று வைத்தால், அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் யாரையும் அடையாளம் கண்டுவிட முடியாது; நியாயமும் கூடுதலாகவே கிடைக்கும்.

ஊழியர் சங்கங்களிடமும் ஒரு சொல். பழைய ஓய்வூதியத் திட்டத்துக்காகவும் அகவிலைப்படி நிலுவைக்காகவும் நாம் எத்தனையோ முறை தெருவில் நின்றிருக்கிறோம். காப்பீட்டில் மருத்துவமனைகள் கூடுதல் பணம் கேட்கின்றன என்பதையும் பல மாநாடுகளில் தீர்மானமாகப் போட்டிருக்கிறோம். அதே சந்தாவைக் கட்டும் உறுப்பினர்களில் சிலருக்கு அட்டையில் பாதி இடம் காலியாக இருப்பது நம் கோரிக்கைப் பட்டியலில் வந்ததில்லை. சங்கத்தில் எழுந்து தம் பெயரைச் சொல்லிப் பேச முடியாதவர்களுக்காகத்தான் சங்கம் பேச வேண்டும். திட்டத்தை அடுத்துப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கும்போது இந்த ஓர் உட்பிரிவையும் கோரிக்கையாக எடுத்துச் செல்ல வேண்டும்.

இன்னுமொன்றையும் நிதித்துறை சேர்த்தே பார்க்க வேண்டும். ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீடு தனி அரசாணையில் நடக்கிறது. அதில் ஓய்வூதியரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் என்று இருக்கிறது. ஊழியர் திட்டத்தில் மட்டும் திருத்தம் செய்துவிட்டு இதை அப்படியே விட்டால், பணிக்காலம் முழுக்க அட்டையில் இருந்த இணையர், ஊழியர் ஓய்வுபெறும் மாதத்தின் கடைசி நாளோடு வெளியேற்றப்படுவார். அதுவும் இருவருக்கும் மருத்துவமனைக்குப் போகும் வேலை அதிகமாகத் தொடங்கும் வயதில். ஆகவே இரண்டு ஆணைகளும் ஒரே நாளில் திருத்தப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
திருச்சிராப்பள்ளி.